காது குத்துக்கு முன்னாடி குதிகால் குத்து!

லேப் எக்ஸாம்ல நிக்கிறீங்க. மீட்டர் 5 வோல்ட் காட்டணும். அடம்பிடிச்சு 4.2-லயே நிக்குது. என்ன செய்வீங்க? நைசா பக்கத்து டேபிளை எட்டிப் பார்த்து, 5-னு எழுதிட்டு, வைவாவுக்கு நல்ல பிள்ளையா போய் நிப்பீங்க. தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் காலேஜ் முழுக்க நடக்குற தேசியத் திருப்பணிதான் இது. அந்த ரீடிங்கை நம்பி யாரும் உயிர் வாழலைங்கிறதால, பெருசா ஒண்ணும் கெட்டுப்போகாது.

இப்ப அதே மாதிரி ஒரு மீட்டர். உள்ளங்கை சைஸ். திரையில் '34'-னு ஒரு நம்பர். அந்த ரத்தச் சொட்டுக்குச் சொந்தக்காரிக்கு வயசு ஆறு மணி நேரம். கை கால் படபடன்னு நடுங்குது. இங்கே பக்கத்து டேபிளைப் பார்த்து எழுத முடியாது. அந்த நம்பர் நிஜமா, பொய்யா, அதை எவ்வளவு நம்பலாம், அடுத்து என்ன... எல்லாத்துக்கும் சில நிமிஷத்தில் விடை வேணும்.

அந்தச் சொட்டு ரத்தத்தைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப்போறேன். 'காலேஜ் பசங்க பக்கத்துல பச்சைக் குழந்தைக்கு என்ன வேலை?'னு தாண்டிப் போயிடாதீங்க. உங்க அக்காவுக்கோ, அண்ணிக்கோ இன்னிக்கு இல்லேன்னாலும் நாளைக்கு வளைகாப்பு உண்டு. அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃப்ளாஸ்க்கும் கையுமா நிக்கப்போறது நீங்கதான்!

தாய்மாமன் போஸ்டிங்

எனக்கு அந்தப் பதவி இருபது வயசிலேயே கிடைச்சிருச்சு. அக்காவுக்குப் பெண் குழந்தை. எடை 3.9 கிலோ! 'நல்லா கொழுகொழுன்னு இருக்கா'னு சொந்தக்காரங்க எல்லாம் திருஷ்டி கழிக்க, குழந்தைகள் டாக்டர் மட்டும் அந்த எடையைப் பார்த்துட்டுச் சிரிக்கவே இல்லை. கேஸ் ஷீட்டைத் திருப்பி, 'அம்மாவுக்கு சுகர் இருந்துச்சா?'னு கேட்டார்.

இருந்துச்சு. அக்காவுக்குக் கர்ப்பகாலத்தில் வந்த சர்க்கரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில் கரைச்சுக் குடிக்கவெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. 140 அல்லது அதுக்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரைனு கணக்கு. வெறும் வயித்தோட வரணும்னு கட்டாயம் இல்லை. ரொம்ப தூரத்திலிருந்து பஸ் பிடிச்சு வர்ற கர்ப்பிணியை, 'சாப்பிட்டுட்டியா? அப்ப நாளைக்கு வா'னு திருப்பி அனுப்பக் கூடாதுங்கிற நல்ல யோசனை அது. இந்த டெஸ்ட்டை நம்ம நாட்டில் பரவலாக்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த டாக்டர் வி.சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்பு உணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறாங்க.

சரி, அம்மாவுக்கு சர்க்கரை கூடினால், குழந்தைக்கு ஏன் குறையணும்? இங்கேதான் நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் கைகொடுக்குது!

அம்மாவின் ரத்தத்திலிருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகும். ஆனா, அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் வந்து குவியுற சர்க்கரையைச் சமாளிக்க, குழந்தையின் கணையம் தானே ஓவர்டைம் பார்த்து இன்சுலினைச் சுரக்குது. கொழுகொழு உடம்பின் ரகசியமும் அதுதான். பிறந்ததும் தொப்புள்கொடியை வெட்டறாங்க. இன்புட் சப்ளை டக்குனு கட். கணையத்துக்கு அந்த சேதி உடனே போய்ச் சேராது. அது பழைய ஸ்பீடிலேயே இன்சுலினைத் தள்ளிக்கிட்டு இருக்கும். விளைவு... ரத்தச் சர்க்கரை சரசரன்னு இறங்கும்.

எல்லாக் குழந்தைக்குமே பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை கொஞ்சம் இறங்கித்தான் ஏறும். கல்லீரல் தன் கையிருப்பை எடுத்து, எடையில் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 4 முதல் 6 மில்லிகிராம் வரைக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுச் சமாளிக்கும். இன்சுலின் கூடுதலா இருக்கும் குழந்தைக்கு அந்தக் கையிருப்புக் கதவையும் இன்சுலினே சாத்திவெச்சிருக்கும். குறைமாதக் குழந்தைக்கும், எடை குறைஞ்ச குழந்தைக்கும் கதை வேற. அவங்ககிட்டே கையிருப்பே கம்மி.

அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கெல்லாம், நடுங்கினாலும் நடுங்காவிட்டாலும், டைம்டேபிள் போட்டு ரத்தம் பார்க்கிறாங்க. என் மருமகளுக்கு 2, 6, 12, 24 மணி நேரம்னு ஷீட்டில் எழுதியிருந்தது. ரெண்டு மணி நேரத்தில் 52. பாஸ் மார்க். ஆறாவது மணி நேரம் நெருங்கும்போதுதான் அந்த நடுக்கம்.

குளிரா, வலிப்பா, பயமா?

முதலில் பார்த்தது அம்மா. 'ஏய், பாப்பா கையைப் பாருடா'ன்னாங்க. போர்வையை விலக்கினா ரெண்டு கையும், தாடையும் மெஷின் மாதிரி படபடன்னு ஆடுது. உடனே வார்டுக்குள் ஒரு மருத்துவ மாநாடே கூடிருச்சு.

'குளுருதுப்பா, இன்னொரு துணி சுத்து' இது அத்தை (அக்காவோட மாமியார்). 'சீர் தட்டியிருக்கும்' இது பக்கத்து பெட் பாட்டி. 'வலிப்பா இருக்குமோ?'னு முணுமுணுத்து அக்காவை அழவெச்சது மாமா. நான் வழக்கம்போல செல்போனை எடுத்தேன். சார்ஜ் இல்லை!

சிஸ்டர் வந்தாங்க. ரொம்ப சாதாரணமா குழந்தையோட ஆடுற கையைத் தன் கைக்குள் மெல்லப் பிடிச்சு மடக்கினாங்க. நடுக்கம் நின்னுடுச்சு. விட்டாங்க, மறுபடி ஆடுச்சு. கண்ணைப் பார்த்தாங்க. கண் ஒரு பக்கமா இழுத்துக்கலை, நிலைகுத்தலை. உடம்பு நீலம் பாயலை. மூச்சு சீரா இருந்தது.

'வலிப்புன்னா பிடிச்சாலும் நிக்காது தம்பி. கண்ணு ஒரு மாதிரி போகும், மூச்சு மாறும். இது நடுக்கம்தான்'னாங்க. அப்பாடான்னு மாமா உட்காரப் போனார். 'ஆனா ஏன் நடுங்குதுன்னு பார்க்கணும்ல?'னு சிஸ்டர் லான்செட்டை எடுத்தாங்க.

இந்த 'ஆனா'தான் முக்கியம் மக்களே! நல்லா ஆரோக்கியமான குழந்தைகள் நிறைய பேருக்கு முதல் சில நாட்களில் இப்படி நடுக்கம் வரும். அழும்போது, திடுக்கிடும்போது, துணியை விலக்கும்போது வரும். நரம்பு மண்டலம் இன்னும் 'டியூன்' ஆகலைங்கிறதுதான் காரணம். வாயில் பால் குடிக்கக் கொடுத்தால் அடங்கிரும். தானாவே மறைஞ்சிரும். ஆனா சர்க்கரை குறைஞ்சாலும் இதே நடுக்கம்தான். கால்சியம் குறைஞ்சாலும் இதேதான். கிருமித்தொற்று, ரத்தம் கெட்டியாவது, அம்மா சாப்பிட்ட சில மாத்திரைகள்னு லிஸ்ட் நீளும். வெளியே இருந்து பார்க்கிற நமக்கு எல்லாம் ஒரே அவுட்புட். எந்த இன்புட் காரணம்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்யூட் தப்பா ஆடினா, அதைத் தட்டிப் பார்த்து ஊகிக்கிறதைவிட, மீட்டரை வெச்சுப் பார்க்கிறதுதானே புத்திசாலித்தனம்?

ஒரு சொட்டு

குழந்தையோட பாதத்தைக் கதகதப்பாக்கினாங்க. குதிகாலின் ஓரப்பகுதியில் ஸ்பிரிட் தடவி, அது நல்லா காயும்வரை காத்திருந்தாங்க. ஈரமா இருந்தால் ரீடிங் கெட்டுப்போகும். நட்டநடுக் குதிகாலில் குத்தவே மாட்டாங்க, அடியிலேயே எலும்பு இருக்கு. ஆழம் 2.4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதுனு உலக சுகாதார நிறுவனமே அளவு போட்டுவெச்சிருக்கு.

'டிக்'. காது குத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டியவள், அதுக்கு முன்னாடியே குதிகால் குத்து வாங்கிட்டா! ஒரு அலறல். அக்காவோட நெஞ்சில் போட்டதும் அடங்கிட்டா. குத்தும்போது தாய்ப்பால் குடிச்சுக்கிட்டோ, அம்மா நெஞ்சோட ஒட்டிக்கிட்டோ இருந்தால் குழந்தைக்கு வலி குறைவா தெரியும்.

'பச்சைக் குழந்தைகிட்டே போய் ரத்தம் உறிஞ்சுறாங்களே'னு அத்தைக்கு மனசு ஆறலை. கணக்குப் போட்டுச் சொன்னேன். பிறந்த குழந்தைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 80 மில்லி ரத்தம். 3.9 கிலோன்னா 300 மில்லிக்கு மேல. இந்த ஸ்ட்ரிப் கேட்கிறது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். லேபுக்குனு ஊசியில் எடுத்தாலும் ஒரு மில்லியைத் தாண்டாது.

அந்த ஸ்ட்ரிப்புக்குள் நடக்கிறது செம மேட்டர். அதில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ்னு ஒரு என்ஸைம் பூசியிருக்கும். அது ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ்கிட்டே இருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி, நடுவில் ஒரு தரகர் கெமிக்கல்கிட்டே கொடுக்கும். தரகர் அதை மின்முனையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எவ்வளவு குளுக்கோஸோ அவ்வளவு மின்சாரம். மைக்ரோ ஆம்பியர் கணக்கில் வர்ற அந்தக் கரன்ட்டை சிப் நம்பரா மாத்திக் காட்டும். என்ஸைமையும் மின்முனையையும் சேர்த்துக் குளுக்கோஸை அளக்கலாம்கிற இந்த ஐடியாவை 1962-ல் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க்கும் லியான்ஸும். பயோசென்ஸர் உலகத்தின் பிள்ளையார் சுழி அது.

சில நொடிதான். திரையில் 34.

பிளஸ் ஆர் மைனஸ் 15

34-ன்னா, 100 மில்லி ரத்தத்தில் 34 மில்லிகிராம் சர்க்கரை. நம்ம ஊர் டாக்டர்கள் பொதுவா 40-க்குக் கீழே போனால் 'குறைவு'னு எடுத்துக்கிறாங்க.

இதில்தான் ஒரு ட்விஸ்ட். குளுக்கோமீட்டர், வீட்டில் சுகர் பார்க்கிற பெரியவங்களை மனசில்வெச்சு செஞ்ச கருவி. அதுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 விதி, 2013-ம் வருஷப் பதிப்பின்படி, சர்க்கரை 100-க்குக் கீழே இருக்கும்போது, நூறில் 95 ரீடிங்காவது லேப் மதிப்பிலிருந்து 15 மில்லிகிராமுக்குள் இருந்தால் போதும்னு சொல்லுது. 250 இருக்கிற தாத்தாவுக்கு 15 கூடினா என்ன, குறைஞ்சா என்ன? 34-ல் 15-ங்கிறது எவ்வளவு பெருசு! அது 49-ஆவும் இருக்கலாம், 19-ஆவும் இருக்கலாம். போதாததுக்கு, பிறந்த குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணு அதிகம். அது கெட்டியா இருக்கிறதால மீட்டர் நிஜ அளவைவிடக் குறைச்சுக் காட்டவும் வாய்ப்பிருக்கு.

அதனால் ஊசியில் ரத்தம் எடுத்து லேபுக்கும் அனுப்பினாங்க. அதுக்கும் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு டியூப். ஏன்னா, சாதா டியூப்பில் விட்டால், உள்ளே இருக்கிற ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்னு தீர்த்துடும். மணிக்கு 5-லிருந்து 7 சதவிகிதம் வரை காலி! வார்டுபாய் டீ குடிச்சிட்டு மெதுவா கொண்டுபோனா ரிசல்ட் அவுட்.

'லேப் ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்'னு டாக்டர் உட்காரலை. எனக்கு அதுதான் பெரிய பாடம். மீட்டரை முழுசா நம்பாமல் லேபுக்கும் அனுப்பினார். அதே நேரம், மீட்டர் அடிச்ச அலாரத்தை மதிச்சு, அந்த நிமிஷமே நரம்பில் 10 சதவிகித டெக்ஸ்ட்ரோஸை ஏத்தினார். கிலோவுக்கு 2 மில்லி கணக்கில் ஏறக்குறைய 8 மில்லி, அப்புறம் தொடர்ச்சியா டிரிப்ஸ். அரை மணி நேரம் கழிச்சு மீட்டர் 61-னு காட்டும்போது நடுக்கம் நின்னு பாப்பா தூங்கிக்கிட்டு இருந்தா. லேப் ரிப்போர்ட் அப்புறம்தான் வந்தது: 37. மீட்டர் சொன்னது ஏறக்குறைய நிஜம்.

அவசரம் ஏன்னா, பச்சைக் குழந்தையின் மூளை சர்க்கரையை நம்பித்தான் ஓடுது. ரொம்பக் குறைஞ்சு, ரொம்ப நேரம் அப்படியே விட்டால், மூளையின் பின்பக்கம், அதாவது பார்வை சம்பந்தப்பட்ட பகுதி பாதிக்கப்படலாம். பின்னாளில் வலிப்பு, வளர்ச்சி தாமதம்னு போகலாம். எந்த நம்பரில் ஆபத்து ஆரம்பிக்குதுங்கிறதில் டாக்டர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. 2020-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஓரளவு குறைஞ்சும் மத்தபடி நல்லா இருந்த குழந்தைகளில், 36-ல் சிகிச்சை ஆரம்பிச்சவங்களுக்கும் 47-லேயே ஆரம்பிச்சவங்களுக்கும் ஒன்றரை வயசு வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியலை. ஆனா நம்பரும் குறைஞ்சு, குழந்தையும் நடுங்கினா அங்கே விவாதத்துக்கு இடமில்லை.

அப்பத்தாவின் சேனை

மறுநாள் ஊரிலிருந்து அப்பத்தா வந்தாங்க, சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணியோட. குழந்தை நாக்கில் சேனை தொட்டு வைக்கணும். வைக்கிறவங்க குணம் குழந்தைக்கு வரும்ங்கிறது நம்பிக்கை. சிஸ்டர் தடுத்ததும் அப்பத்தா கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி: 'ஏம்மா, நீங்க ஊசியில ஏத்துறதும் சீனித்தண்ணிதான? நான் நாக்குல வெச்சா மட்டும் குத்தமா?'

வைவாவில் இப்படி ஒரு கேள்வி கேட்டால் நம்ம பாதி பேர் அரியர்தான்!

டாக்டரே வந்து பொறுமையா பதில் சொன்னார். அப்பத்தா சொன்னதில் பாதி நியாயம். 2013-ல் வந்த நியூஸிலாந்து ஆய்வில், சர்க்கரை குறைஞ்ச குழந்தைகளின் கன்னத்துக்கு உள்பக்கம் 40 சதவிகித டெக்ஸ்ட்ரோஸ் ஜெல்லைத் தடவினாங்க. சிகிச்சை பலிக்காமல் போனவங்க 24 சதவிகிதத்திலிருந்து 14 சதவிகிதமா குறைஞ்சாங்க. ஆனா அந்த ஜெல் சுத்தமானது. கிலோவுக்கு 200 மில்லிகிராம்னு அளந்தது. கொடுத்ததும் பால் கொடுத்து, மறுபடி ரத்தம் பார்ப்பாங்க. கிண்ணத்து சர்க்கரைத் தண்ணியில் அளவும் இல்லை, அது காய்ச்சின தண்ணியானு உத்தரவாதமும் இல்லை. புரையேறலாம், கிருமி போகலாம். எல்லாத்துக்கும் மேல, வயிறு நிறைஞ்ச குழந்தை பால் குடிக்காம தூங்கிடும். தேன் இன்னும் மோசம், ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது.

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. கிண்ணத்தை மாமாகிட்டே கொடுத்து, 'நீ குடிச்சிரு'ன்னாங்க. 'என் குணம் அவளுக்கு எதுக்கு, அவ அம்மா பாலே குடிக்கட்டும்'னு முடிச்சாங்க. சபாஷ் அப்பத்தா!

மறுபடியும் நடுக்கம்

முப்பதாவது மணி நேரம். டிரிப்ஸ் ஓடிக்கிட்டே இருக்கு. பாப்பா மறுபடி நடுங்கினா. எங்க எல்லார் மனசிலும் ஒரே பதில்: 'சர்க்கரை இறங்கிருச்சு, டிரிப்ஸைக் கூட்டச் சொல்லு'. மாமா ஓடினார்.

குதிகால் குத்து. ரீடிங் 68. சர்க்கரை நல்லாத்தான் இருக்கு!

இந்தத் தடவை டாக்டர் கால்சியம் பார்க்கச் சொன்னார். கருவில் இருக்கும்வரை கால்சியமும் அம்மாகிட்டே இருந்து தாராளமா வரும். பிறந்ததும் அந்த சப்ளையும் கட். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழிச்சு வேலையை ஆரம்பிக்கணும். சர்க்கரை அம்மாக்களின் குழந்தைகளுக்கு இந்த விழிப்பு தாமதமாகும். முதல் மூணு நாளில் கால்சியம் சரிய வாய்ப்பு அதிகம். நிறைமாதக் குழந்தைக்கு 100 மில்லியில் 8 மில்லிகிராமாவது இருக்கணும். பாப்பாவுக்கு 6.7.

கால்சியம் குளூகோனேட் மருந்தை ரொம்ப மெதுவா ஏத்தினாங்க. இதயத் துடிப்பு மானிட்டரில் ஒரு கண், ஊசி போட்ட இடத்தில் ஒரு கண். வேகமா போனால் இதயத் துடிப்பு குறையும், நரம்புக்கு வெளியே கசிஞ்சால் தோல் வெந்துபோகும். கால்சியம் கொடுத்தும் அடங்காவிட்டால் மெக்னீசியம் பார்க்கணுமாம். அதுக்கு அவசியம் வரலை. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ்.

நேத்து என்ன காரணமோ அதுதான் இன்னிக்கும்னு நினைச்சு டிரிப்ஸை மட்டும் கூட்டியிருந்தா? ஒரே நடுக்கம், ரெண்டு காரணம். ஒவ்வொரு தடவையும் புதுசா அளந்ததுதான் அவளைக் காப்பாத்துச்சு.

உங்களுக்கு ஒரு டூட்டி

வராந்தாவில் நிக்கப்போற வருங்கால மாமா, அத்தை, சித்தி, சித்தப்பாக்களே... உங்களுக்குச் சில வேலை இருக்கு.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்தாச்சானு கேளுங்க. சர்க்கரை இருந்ததுன்னா, பிரசவத்துக்குப் போகும்போதே அந்த ரிப்போர்ட் பையில் முதல் ஆளா இருக்கணும். பிறந்ததும் சீக்கிரம், முடிஞ்சால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கவிடுங்க. குழந்தை நடுங்கினால் செல்போனில் தேடிக்கிட்டு இருக்காமல், வீடியோ எடுத்தபடியே சிஸ்டரைக் கூப்பிடுங்க. நடுக்கம் நின்னுட்டாலும் டாக்டருக்கு அந்த வீடியோ உதவும். வீட்டுக்கு வந்த பிறகு நடுங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, விடியட்டும்னு காத்திருக்காமல் கிளம்புங்க. பெரியவங்க 'ஏன் குத்துறாங்க?'னு கோபப்பட்டால், சண்டை போடாமல் விளக்குங்க. அப்பத்தாக்களுக்கு நல்லாவே புரியும்.

அப்புறம், அடுத்த லேப் எக்ஸாமில் மீட்டர் 4.2 காட்டினா, 4.2-னே எழுதுங்க பாஸ். ஏன் குறைஞ்சதுனு தேடுங்க. நாளைக்கு நம்மில் யாரோ ஒருத்தர்தான், பச்சைக் குழந்தைக்குத் துல்லியமா நம்பர் சொல்ற, 15 பிளஸ் ஆர் மைனஸ் இல்லாத மீட்டரைச் செய்யப்போறோம்!